காஸ்பேஸ்-3 நொதி: இரண்டு குப்பியிலும் 100 யூனிட், வேகம் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பொன்னிநதி:

வணக்கம். திருச்சியில் உயிர்வேதியியல் ஆய்வு மாணவி நான். நிலவேம்பு இலையின் எத்தனால் சாறு மார்பகப் புற்றுநோய் செல்களை எந்த வழியில் கொல்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. எடுத்திருக்கும் செல் எம்சிஎஃப்-7. உயிருள்ள செல்களை அளக்கும் எம்டிடி சோதனையில் செல்கள் குறைவது தெளிவாகத் தெரிகிறது. அவை அப்போப்டோசிஸில்தான் (செல் தன்னைத்தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் வழி) சாகின்றனவா என்று தெரிந்துகொள்ள, அந்த வழியில் புரதங்களை வெட்டும் நொதியான காஸ்பேஸ்-3-ஐ அளக்கிறேன்.

பாசிட்டிவ் கண்ட்ரோலுக்கு, பாக்டீரியாவில் தயாரித்த மனிதக் காஸ்பேஸ்-3 நொதியை வாங்கினோம். அது தீரப்போகிறது என்று வேறொரு நிறுவனத்திடமிருந்து இன்னொரு குப்பியும் வந்தது. இரண்டிலும் 100 யூனிட் என்றே போட்டிருக்கிறது. சப்ஸ்ட்ரேட் (நொதி வெட்டும் பொருள்) டிஇவிடி-பிஎன்ஏ, 200 மைக்ரோமோலார்; வெட்டுப்பட்டால் மஞ்சள் நிறப் பிஎன்ஏ விடுபடும். குழிக்கு மொத்தம் 100 மைக்ரோலிட்டர், நொதி 20 யூனிட். பஃபர் டிரிஸ், பிஎச் 8, கூடவே 1 மில்லிமோலார் டிடிடி. 37 டிகிரியில் வைத்து 405 நானோமீட்டரில் படிக்கிறேன்.

பழைய குப்பியின் அளவு முதல் இருபது நிமிடம் நன்றாக ஏறுகிறது, அப்புறம் 0.2 பக்கத்தில் நின்றுவிடுகிறது. புதுக் குப்பி ஒரு மணி நேரம் ஆகியும் 0.02-ஐ ஒட்டியே கிடக்கிறது. புதுசு கெட்டுப்போய் வந்திருக்கிறதா? பழையது ஏன் பாதியில் நிற்கிறது? சாறு கொடுத்த செல்களின் லைசேட்டில் (செல்லை உடைத்து எடுத்த கரைசல்) மிகக் குறைந்த அளவுதான் வருகிறது. சாற்றின் அளவைக் கூட்டிப் பார்க்கச் சொல்கிறார் வழிகாட்டி. அதற்கு முன் இந்த நொதி விஷயத்தைப் புரிந்துகொள்ள நினைக்கிறேன்.

நொதிக்காரி:

பொன்னிநதி, நல்ல நேரத்தில் கேட்டீர்கள். பல வருடமாகக் காஸ்பேஸ்களைத் தயாரிப்பதும் சுத்தம் செய்வதும்தான் என் வேலை. எனவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் யூனிட். இரண்டு குப்பிகளோடும் ஒரு தாள் வந்திருக்கும். அதில் யூனிட்டின் வரையறை எங்காவது சின்ன எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். சில நிறுவனங்களுக்கு ஒரு யூனிட் என்றால் 37 டிகிரியில் ஒரு மணி நேரத்தில் 1 நானோமோல் சப்ஸ்ட்ரேட்டை வெட்டும் நொதி. வேறு சிலருக்கு 30 டிகிரியில் ஒரு நிமிடத்தில் 1 பிகோமோல் வெட்டும் நொதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மணிக்கு 1 நானோமோல் என்பது நிமிடத்துக்கு கிட்டத்தட்ட 16.7 பிகோமோல். அதாவது முதல் வகையில் ஒரு யூனிட், இரண்டாம் வகையில் ஏறக்குறைய பதினேழு யூனிட். இரண்டாம் வகையை 37 டிகிரியில் ஓட்டினால் சற்று வேகம் கூடும், அதனால் வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு மடங்காகக் குறையும். உங்களுக்குத் தெரிவது பத்து மடங்கு. புதுக் குப்பி கெட்டுப்போகவில்லை, அதன் யூனிட்தான் சின்னது என்று நினைக்கிறேன். தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இந்தத் துறையில் எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம் இது. எத்தனையோ கட்டுரைகளில் "5 யூனிட் காஸ்பேஸ்-3 சேர்த்தோம்" என்று மட்டும் இருக்கிறது. யாருடைய யூனிட், எந்த வெப்பநிலை, எந்த சப்ஸ்ட்ரேட் என்று ஒரு வரி இல்லை. அந்தச் சோதனையை இன்னொருவர் திரும்பச் செய்யவே முடியாது. உங்கள் ஆய்வேட்டில் நானோமோலாரில் எழுதுங்கள். அதுவும் புரதத்தின் நானோமோலார் அல்ல, வேலை செய்யும் நொதியின் நானோமோலார். அதை எப்படி அளப்பது என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது, ஏன் 0.2-இல் நிற்கிறது என்பது. சப்ஸ்ட்ரேட் தீர்ந்துவிட்டதா, நொதி செத்துவிட்டதா என்று உங்கள் எண்களை வைத்தே சொல்லிவிடலாம். பிஎன்ஏ விடுபட்டால் 405-இல் அதன் உட்கவர் குணகம் (ஒரு மோலாருக்கு, ஒரு சென்டிமீட்டர் பாதையில் ஒளியை உறிஞ்சும் அளவு) சுமார் 10,000. 200 மைக்ரோமோலாரும் முழுக்க வெட்டுப்பட்டால் ஒரு சென்டிமீட்டர் பாதைக்கு 2.0 வரும். 96 குழித் தட்டில் 100 மைக்ரோலிட்டருக்கு நீர்மட்டம் சுமார் 0.3 சென்டிமீட்டர்தான். ஆகவே உச்ச அளவு 0.6. உங்களுடையது 0.2-இல் நிற்கிறது என்றால் மூன்றில் இரண்டு பங்கு சப்ஸ்ட்ரேட் இன்னும் அப்படியே இருக்கிறது. செத்தது நொதி.

சந்தேகமிருந்தால் நின்றுபோன குழி ஒன்றில் புது நொதியும், இன்னொன்றில் புது சப்ஸ்ட்ரேட்டும் சேர்த்துப் பாருங்கள், எது மறுபடி ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். முறையாகச் செய்ய வேண்டுமென்றால் 1965-இல் வந்த செல்வின் சோதனை இருக்கிறது. இரண்டு மூன்று நொதி அளவுகளில் ஓட்டி, நொதி அளவையும் நேரத்தையும் பெருக்கிக் கிடை அச்சில் போடுங்கள். கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் நொதி உயிரோடு இருக்கிறது. பிரிந்தால் ஓட்டத்தின் நடுவில் சாகிறது.

ஏன் சாகிறது? உங்கள் பஃபர்தான் காரணமாக இருக்கும். காஸ்பேஸ்-3 ஒரு சிஸ்டீன் புரோட்டியேஸ், அதாவது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டு புரதத்தை வெட்டும் நொதி. 163-ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீனின் கந்தகம்தான் வெட்டும் கத்தி, 121-ஆம் ஹிஸ்டிடின் அதற்குத் துணை. அந்தக் கந்தகம் ஆக்சிஜனேற்றம் அடைந்தால் கதை முடிந்தது. அதைக் காப்பாற்றத்தான் டிடிடி. ஆனால் டிடிடியே காற்றில் வீணாகும் பொருள். 20 டிகிரியில், பிஎச் 6.5-இல் அதன் அரை ஆயுள் 40 மணி நேரம், 7.5-இல் 10 மணி நேரம், 8.5-இல் ஒன்றரை மணிகூட இல்லை. நீங்கள் பிஎச் 8-இல், 37 டிகிரியில், வெறும் 1 மில்லிமோலாரோடு ஓட்டுகிறீர்கள். அந்த டிடிடி கரைசல் எப்போது கலக்கியது, ஃப்ரிட்ஜில் எவ்வளவு நாள் இருந்தது என்றும் பாருங்கள். நான் எப்போதும் அன்றைக்கே பொடியை நிறுத்துக் கலக்குவேன். 10 மில்லிமோலாருக்குக் கீழே போகவே மாட்டேன்.

நான் பயன்படுத்தும் பஃபர்: 20 மில்லிமோலார் பைப்ஸ், பிஎச் 7.2, 100 மில்லிமோலார் சோடியம் குளோரைடு, 1 மில்லிமோலார் ஈடிடிஏ, 0.1 சதம் சாப்ஸ், 10 சதம் சுக்ரோஸ், 10 மில்லிமோலார் டிடிடி. காஸ்பேஸ் ஆய்வாளர்களான கை (Guy) சால்வேசனும் ஹென்னிங் ஸ்டென்னிக்கும் 1997-இல் காஸ்பேஸ்களின் பிஎச், உப்பு, உலோகத் தேவைகளையெல்லாம் வரிசையாக அளந்தார்கள். அந்தக் காலத்திலிருந்து புழங்கும் கலவை இது. பைப்ஸ் இல்லையென்றால் ஹெப்பீஸ் பிஎச் 7.4 போதும், சுக்ரோஸுக்குப் பதில் கிளிசரால் போடலாம். ஈடிடிஏவை மட்டும் விட்டுவிடாதீர்கள். துத்தநாகம் மிகச் சிறிய அளவிலேயே இந்த நொதியை முடக்கிவிடும், தண்ணீரிலிருந்தும் உப்பிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். கால்சியத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சாப்ஸ் எதற்கென்றால், நானோமோலார் அளவுக்கு நீர்த்த புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும். குழாயை ஒருமுறை மாற்றினாலே பாதி போய்விடும்.

இனி வேலை செய்யும் நொதியை எண்ணும் முறை. குப்பியில் இருக்கும் புரதம் எல்லாமே உயிரோடு இருக்காது. உறைந்து உருகியது, பயணத்தில் சூடானது, தன்னைத்தானே வெட்டிக்கொண்டது எல்லாம் சேர்ந்துதான் இருக்கும். இசட்-விஏடி-எஃப்எம்கே என்ற தடுப்பான் செயல்மையச் சிஸ்டீனோடு ஒன்றுக்கு ஒன்று என்று நிரந்தரமாக ஒட்டும். நொதியை லேபிள் கணக்குப்படி அரை மைக்ரோமோலாருக்குக் கொண்டுவந்து, பத்துப் பத்து மைக்ரோலிட்டராகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தடுப்பானைப் பூஜ்யத்திலிருந்து ஒரு மைக்ரோமோலார் வரை ஏற்றிக்கொண்டே போங்கள். 37 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள், இந்த எதிர்வினை நிதானமானது. அப்புறம் நன்றாக நீர்த்து, மிச்சமிருக்கும் வேகத்தை அளங்கள். தடுப்பான் அளவுக்கு எதிராக வேகத்தை வரைந்தால் நேர்கோடு இறங்கிக் கிடை அச்சைத் தொடும். தொடும் இடம்தான் உயிரோடிருக்கும் செயல்மையங்களின் அளவு. கோட்டின் வால் வளைந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். ஒரு புள்ளிக்கு சுமார் 0.15 மைக்ரோகிராம் நொதி செலவாகும். விலையை நினைத்தால் மனசு வராது, தெரியும். ஆனாலும் குப்பிக்கு ஒருமுறை செய்யுங்கள். அதற்குப் பிறகு எந்த நிறுவனத்தின் குப்பி வந்தாலும் ஒரே அளவில் ஒப்பிடலாம்.

ஒன்று சொல்ல மறந்தேன். வந்த அன்றே சின்னச் சின்னக் குழாய்களாகப் பிரித்து மைனஸ் 80-இல் போடுங்கள். ஒரு குழாய் ஒரு நாளுக்கு. மிச்சத்தைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

வைகைக்கரை:

நொதி பற்றி நொதிக்காரி சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை. நான் செல் பக்கத்திலிருந்து வருகிறேன். கேள்வியில் "எம்சிஎஃப்-7" என்று பார்த்ததும் எழுத உட்கார்ந்தேன்.

எம்சிஎஃப்-7 செல்லில் காஸ்பேஸ்-3 கிடையாது. 1998-இல் யேனிக்கே குழுவினர் காட்டியது இது: அந்த மரபணுவின் மூன்றாம் எக்ஸானில் 47 காரஇணைகள் விடுபட்டிருக்கின்றன, அதனால் புரதமே உருவாவதில்லை. டெட்ராய்ட்டில் மிச்சிகன் கேன்சர் ஃபவுண்டேஷனில் 1970-இல் எடுத்த அந்த ஒரு செல்வரிசைதான் இன்று உலகம் முழுக்க மார்பகப் புற்றுநோய்க்கு மாதிரியாக ஓடிக்கொண்டிருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளிலும் மூலிகைச் சாறு என்றால் முதலில் கையில் எடுப்பது அதைத்தான். அதில் காஸ்பேஸ்-3 கூடியது என்று எழுதுகிற கட்டுரைகளும் வந்துகொண்டே இருக்கின்றன.

அப்படியானால் உங்கள் லைசேட்டில் வரும் சிறு அளவு என்ன? பெரும்பாலும் காஸ்பேஸ்-7. டிஇவிடி என்ற நான்கு அமினோ அமில வரிசையை அதுவும் வெட்டும். எந்த நிறுவனம் "காஸ்பேஸ்-3 சோதனை" என்று பெட்டியில் எழுதினாலும் சரி, அந்த சப்ஸ்ட்ரேட்டுக்கு 3-ஐயும் 7-ஐயும் பிரித்துச் சொல்லத் தெரியாது. எம்சிஎஃப்-7 அப்போப்டோசிஸில் சாகாது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சாகும். டிஎன்ஏ துண்டுதுண்டாகி ஜெல்லில் ஏணிபோலத் தெரிவது மட்டும் சரியாக வராது. பிஏஆர்பி புரதம் 116 கிலோடால்டனிலிருந்து 89-க்கு வெட்டுப்படுவதைக்கூட அதில் பார்க்கலாம், காஸ்பேஸ்-7 அந்த வேலையைச் செய்துவிடும்.

அதனால் சாற்றின் அளவைக் கூட்டாதீர்கள். கூட்டினால் செல் வேறு வழியில் வெடித்துச் சாகும், குழப்பம்தான் மிஞ்சும். எம்டிஏ-எம்பி-231 எடுங்கள், அதுவும் மார்பகப் புற்றுநோய் செல்தான், காஸ்பேஸ்-3 இருக்கிறது. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தில் கிடைக்கும். கூடவே ஹீலா செல்லுக்கு, அப்போப்டோசிஸைத் தூண்டும் ஸ்டாரோஸ்போரினை 1 மைக்ரோமோலார் அளவில் சில மணி நேரம் கொடுத்து லைசேட் எடுத்து வையுங்கள். குப்பி நொதி சொல்வது "சோதனை ஓடுகிறது" என்பதை. "செல்லை உடைத்து எடுத்த முறையும் சரி" என்று சொல்ல இந்த லைசேட் வேண்டும்.

பொன்னிநதி:

இருவருக்கும் மிகவும் நன்றி. தாள்களை எடுத்துப் பார்த்தேன். நொதிக்காரி அக்கா சொன்னது போலவேதான்: பழையதில் மணிக்கு 1 நானோமோல், புதியதில் 30 டிகிரியில் நிமிடத்துக்கு 1 பிகோமோல். எம்சிஎஃப்-7 பற்றி வழிகாட்டியிடம் பேசிவிட்டேன். எம்டிஏ-எம்பி-231 வரவழைக்க ஒத்துக்கொண்டார்.

இன்னும் இரண்டு கேள்வி. சாறு பச்சையாக இருக்கிறது, அந்த நிறம் 405-ஐப் பாதிக்காதா? எங்கள் துறையில் புரதம் தயாரிக்கும் பிஎல்21 பாக்டீரியாவும், அதைப் பிரித்தெடுக்கும் நிக்கல் காலமும் (column) இருக்கின்றன. இந்த நொதியை நாங்களே தயாரிக்க முடியுமா அக்கா?

நொதிக்காரி:

நிறம் பாதிக்கும். பச்சையம் நீலப் பகுதியில் நன்றாக ஒளியை உறிஞ்சும், 405 அதற்கு ரொம்பப் பக்கம். செல்லை நன்றாகக் கழுவி லைசேட் எடுத்தால் பெரும்பாலும் போய்விடும், ஆனாலும் சப்ஸ்ட்ரேட் இல்லாத குழி ஒன்றை ஒவ்வொரு மாதிரிக்கும் வைத்துக் கழியுங்கள். நிறத்தைவிட எனக்குக் கவலை வேறு. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடு கந்தகத்தோடு போய் ஒட்டும் இயல்புள்ளது. என்எஃப்-கப்பா-பி புரதத்தின் ஒரு சிஸ்டீனில் அது ஒட்டுவதைக் காட்டியிருக்கிறார்கள். நம் நொதியின் உயிரே ஒரு சிஸ்டீனில் இருக்கிறது. டிடிடியிலும் கந்தகம்தான்.

இங்கேதான் குப்பி நொதியின் உண்மையான பயன். பாசிட்டிவ் கண்ட்ரோல் என்று தனியாக ஒரு குழியில் வைப்பதோடு நிறுத்தாதீர்கள். தெரிந்த அளவு நொதியை, சாறு கொடுத்த செல்லின் லைசேட்டுக்குள்ளேயே சேருங்கள். சாறு கொடுக்காத லைசேட்டிலும் அதே அளவு சேருங்கள், வெறும் பஃபரிலும் சேருங்கள். மூன்றின் வேகமும் ஒன்றாக இருந்தால் உங்கள் லைசேட் எதையும் மறைக்கவில்லை. சாறு கொடுத்ததில் மட்டும் குறைந்தால், "காஸ்பேஸ் கூடவில்லை" என்ற முடிவு பொய்யாக இருக்கலாம், அங்கே ஏதோ நொதியைத் தடுக்கிறது. இரண்டு லைசேட்டிலும் கொஞ்சம் குறைந்தால் பயப்பட வேண்டாம். செல்லுக்குள் எக்ஸ்ஐஏபி என்ற புரதம் இருக்கிறது, செயலூக்கம் பெற்ற காஸ்பேஸ்-3-ஐப் பிடித்து அடைப்பதே அதன் வேலை.

தயாரிப்பது பற்றி: தாராளமாக முடியும், செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். காஸ்பேஸ்-3 உருவாகும்போது 277 அமினோ அமிலம் நீண்ட, 32 கிலோடால்டன் உள்ள உறங்கும் வடிவம். செல்லுக்குள் காஸ்பேஸ்-8, 9 அல்லது கிரான்சைம்-பி வந்து 175-ஆம் அஸ்பார்டேட்டில் வெட்டினால்தான் விழிக்கும். பாக்டீரியாவில் இவை எதுவும் இல்லை. ஆனால் அங்கே புரதம் ஏராளமாகக் குவிவதால் ஒன்றையொன்று வெட்டி, தானாகவே 17-உம் 12-உம் கிலோடால்டன் துண்டுகளாகிவிடும். அந்தத் துண்டுகள் இரண்டு சோடி சேர்ந்தால் முழு நொதி, அதில் இரண்டு செயல்மையம். முதல்முறை ஜெல்லில் 32 பட்டை மறைந்து கீழே இரண்டு பட்டை தெரிந்தபோது எனக்கு இருந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை.

சால்வேசன் ஆய்வகத்தின் பிளாஸ்மிட் (இந்த மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) அட்ஜீன் என்ற பிளாஸ்மிட் சேமிப்பகத்தில் கிடைக்கிறது. நிக்கலில் ஒட்டும் ஹிஸ்டிடின் வால் புரதத்தின் கடைசியான சி (C) முனையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தொடக்கமான என் (N) முனையில் இருந்தால் முன்பகுதியை வெட்டும்போது வாலும் போய்விடும், காலத்தில் ஒன்றும் பிடிபடாது. பாக்டீரியா வளர்ந்து ஓடி (கலங்கலின் அளவு) 0.6 வந்ததும், புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்க 0.2 மில்லிமோலார் ஐபிடிஜி, 30 டிகிரி, நான்கு மணி நேரம். அரை மணியில் நிறுத்தினால் பெரும்பாலும் உறங்கும் வடிவமே வரும். சில ஆய்வுகளுக்கு அதுதான் தேவை. காலத்தில் ஏற்றும்போது டிடிடியும் ஈடிடிஏவும் கூடவே கூடாது, ஒன்று நிக்கலைக் கருக்கும், மற்றது கழற்றிவிடும். இமிடசோல் கொண்டு காலத்திலிருந்து நொதியை இறக்கியவுடன் இரண்டையும் சேருங்கள், தாமதிக்காதீர்கள். அதே நேரத்தில் 163-ஆம் சிஸ்டீனை அலனினாக மாற்றிய வடிவத்தையும் தயாரித்து வைத்துக்கொள்ளுங்கள். அது வெட்டாது. அதைவிட நேர்மையான நெகட்டிவ் கண்ட்ரோல் இல்லை. பாக்டீரியாவின் வேறு புரோட்டியேஸ் கூடவே ஒட்டி வந்திருந்தால் அதில் காட்டிக்கொடுத்துவிடும்.

இளநிலை_மாணவன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு சுத்தமான காஸ்பேஸ்-3 கையில் இருக்கும்போது அதையே புற்றுநோய் செல் வளரும் தட்டில் ஊற்றினால் செல்கள் சாகாதா மேடம்?

நொதிக்காரி:

சாகாது தம்பி. கேள்வி நல்ல கேள்விதான். இவ்வளவு பெரிய புரதம் செல்சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. வெளியே ஊடகத்தில் ஆக்சிஜன் இருக்கிறது, டிடிடி இல்லை, எனவே நொதியும் கொஞ்ச நேரத்தில் ஓய்ந்துவிடும். ஊசியால் செல்லுக்குள் செலுத்தினால் கொல்லும். செல்லுக்குள்ளேயே மரபணுவாக வைத்து, வேண்டும்போது தட்டி எழுப்பும் வழியும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காஸ்பேஸ்-9-ஐ எடுக்கிறார்கள், ஏனென்றால் அது விழிக்க இரண்டு மூலக்கூறுகளைச் சேர்த்துவைத்தாலே போதும். 2011-இல் ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர்களுக்கு இப்படி மாற்றிய டி செல்களைக் கொடுத்தார்கள். அந்த டி செல்கள் உடலையே தாக்கத் தொடங்கிய நான்கு பேருக்கு, மூலக்கூறுகளை இணைக்கும் மருந்தை ஒரே ஒரு வேளை கொடுத்ததில், அரை மணி நேரத்துக்குள் அவற்றில் தொண்ணூறு சதத்துக்கு மேல் அழிந்தன.

தட்டில் ஊற்றிப் பார்க்க ஆசையாக இருந்தால் குப்பி நொதியை வீணாக்காதீர்கள். ஸ்டாரோஸ்போரின் கொடுத்து, செல்லின் சொந்தக் காஸ்பேஸ் விழிப்பதைப் பாருங்கள். கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், அது நம் செல்லையும் விடாது.